யாருடைய புகை? ஆர்க்டிக் மூட்டமும் கார்பன் ஐசோடோப்பும்

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க.)

சென்ற வாரம் துறைக் கருத்தரங்கு முடிந்தபின் முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஆர்க்டிக் பனியின்மேல் படியும் புகைக்கரியில் பெரும்பங்கு தெற்காசியாவிலிருந்து செல்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது அநேகமாக அங்குச் செல்வதே இல்லை என்று அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு கட்டுரையில் படித்தேன். இரண்டுமே நல்ல ஆய்விதழ்கள். எதை நம்புவது?” என்று கேட்டார். நின்றபடியே விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று இது. இதற்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் கொஞ்சம் பனிப்போர் அரசியலும், கொஞ்சம் சாக்கடை வாயுவும், நம் ஊர் விறகடுப்பும் கலந்திருக்கின்றன. அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஆர்க்டிக்கில் அழுக்கைக் கண்டு வியந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. 1870-இல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் ஏறிய நூர்டன்ஷோல்டு, பனிக்குழிகளின் அடியில் கரிய தூளைக் கண்டு அதற்குக் ‘கிரையோகோனைட்’ என்று பெயரிட்டார். அதில் ஒரு பகுதியேனும் விண்வெளியிலிருந்து விழுந்த தூசாக இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மனித வாடையே இல்லாத வெண்பரப்பில் அழுக்கு கிடந்தால் அது வானத்திலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. துருவம் தூய்மையானது என்னும் நம்பிக்கை அவ்வளவு ஆழமானது. அது அடுத்த நூறாண்டுக்கும் ஆய்வாளர்களின் கண்ணை மறைத்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க விமானப்படையின் வானிலை விமானங்கள் அலாஸ்காவிலிருந்து வடதுருவம் நோக்கி ஒழுங்காகப் பறக்கத் தொடங்கின. விமானிகள் விந்தையான ஒன்றைத் தெரிவித்தனர்: மேகமே இல்லாத வானில், திடீரென்று பார்வைத் தூரம் சில கிலோமீட்டராகச் சுருங்குகிறது. வானிலையாளர் ஜே. மர்ரே மிட்செல் 1950-களின் நடுவில் இதனை ஆராய்ந்து எழுதினார். சூரியனின் திசையில் செம்பழுப்பாகவும் எதிர்த்திசையில் சாம்பல் நீலமாகவும் தெரிந்த இந்த மூட்டத்தை உண்டாக்குபவை பனித்துகள்கள் அல்ல, அவற்றினும் மிக நுண்ணிய ஏதோ துகள்கள் என்று அவர் ஊகித்தார். ‘ஆர்க்டிக் மூட்டம்’ என்னும் பெயர் அங்கிருந்து வருகிறது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எவரும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவர்கள் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் கிளென் ஷாவும் ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தின் கென்னத் ரானும். 1976 வசந்தத்தில் பாரோ நகருக்கு மேலே விமானத்தில் பறந்து மூட்டத்தை வடிதாளில் பிடித்தனர். பகுப்பாய்வில் கிடைத்ததோ வெறும் மண்தூசு! ஆசியப் பாலைவனங்களில் எழுந்த புழுதி அலாஸ்கா வரை வந்திருந்தது. 1977-இல் ‘நேச்சர்’ இதழில் அவ்வாறே எழுதினர். அவர்கள் அளந்தது சரியே. அந்த வாரத்தில் வந்தது தூசுதான். ஆனால் ஆண்டு முழுவதும் தரையில் எடுக்கப்பட்ட மாதிரிகள் வேறு கதை கூறின. குளிர்காலந்தோறும் பாரோவின் காற்றில் சல்பேட்டும் வனேடியமும் ஏறின, கோடையில் மறைந்தன. வனேடியம் பாலைவனத்து மண்ணிலிருந்து அத்தனை வராது. கனரக எண்ணெய் எரியும் இடத்திலிருந்து வரும்.

தாம் எழுதியதை ஓரிரு ஆண்டுகளுக்குள் தாமே திருத்திக்கொண்டு, நேர்மாறான முடிவை நோக்கி ரான் நடந்தார். துறை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

அவர் கையாண்ட கருவி எளிமையானது: மாங்கனீசுக்கும் வனேடியத்துக்கும் உள்ள விகிதம். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மேற்கு ஐரோப்பாவிலும் எண்ணெய் மிகுதியாக எரிக்கப்பட்டதால் வனேடியம் ஓங்கியிருக்கும். சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் நிலக்கரியும் உலோக ஆலைகளும் மிகுதியாதலால் மாங்கனீசு ஓங்கும். ஆர்க்டிக் மாதிரிகளின் விகிதம் யுரேசியாவைச் சுட்டியது. பனிப்போர்க் காலத்தில், அமெரிக்க விமானிகள் கண்ட மூட்டத்தின் மூலம் பெரும்பாலும் சோவியத் தொழிற்பகுதிகளே என்று ஒரு விகிதக் கணக்கு கூறியது. சரிபார்க்க அந்த நாட்டினுள் சென்று மாதிரி எடுக்க வழியில்லை. ஒரு வட்டாரத்துக்கு ஒரு கையொப்பம் என்பது எவ்வளவு நம்பத்தக்கது என்ற ஐயமும் எழுந்தது. ஆலை எரிபொருளை மாற்றினால் கையொப்பமும் மாறிவிடுமே!

இதே காலத்தில், 1981-இல், பெர்க்லியைச் சேர்ந்த ரோசனும் நோவகோவும் அவர்தம் குழுவினரும் பாரோவின் வடிதாள்களில் புகைக்கரியைக் கண்டறிந்தனர். தாள் கறுத்திருந்தது. சல்பேட்டு ஒளியைச் சிதறடிக்கும்; புகைக்கரியோ ஒளியை விழுங்கி வெப்பமாக்கும். வெண்பனியின்மேல் சிறிதளவு கரி படிந்தாலே பனி விழுங்கும் வெயில் கூடி, உருகல் விரைவுபெறும். ஆகவே ‘யாருடைய புகை’ என்பது அன்றுமுதல் பார்வைத் தூரம் பற்றிய கேள்வி மட்டுமாக இல்லாமல் காலநிலைக் கேள்வியாகவும் ஆயிற்று.

இங்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ஏனெனில் இதற்கு விடையளிக்கும் கருவி அப்போதே முப்பது ஆண்டுப் பழமையுடையது.

கார்பன்-14 என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தொல்லியல். கீழடி, ஆதிச்சநல்லூர், எகிப்தியக் கல்லறை. ஆனால் இந்த ஐசோடோப்பு இயற்கையில் உண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டது ஒரு சாக்கடையின் உதவியால். 1947-இல் வில்லார்டு லிபியும் உடன்பணியாளரும் இரண்டு மீத்தேன் மாதிரிகளை ஒப்பிட்டனர். ஒன்று பால்டிமோர் நகரக் கழிவுநீர் ஆலையில் எழுந்த வாயு, அதாவது நேற்று வரை உயிர்ப்பொருளாக இருந்த கார்பன். மற்றது பெட்ரோலியத்திலிருந்து பெற்றது. முதலாவதில் கார்பன்-14 இருந்தது, இரண்டாவதில் இல்லை. காரணம் எளிது. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் இடைவிடாது கார்பன்-14 ஆக்குகின்றன. உயிருள்ளவை அதனை ஏற்கின்றன. இறந்தபின் அது சிதைகிறது. அரை ஆயுட்காலம் சுமார் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அறவே எஞ்சாது.

காலக் கணிப்பு பின்னர் வந்தது. லிபிக்கு 1960-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்த முதற்சோதனையின் உள்ளடக்கம் ‘இது எவ்வளவு பழையது’ என்பதைவிட ‘இது புதைபடிவமா, உயிர்ப்பொருளா’ என்பதே. விறகை எரித்தாலும் பெட்ரோலை எரித்தாலும் புகை கறுப்புத்தான். கண்ணும் வேதியியலும் தடுமாறும் இடம் இது. கார்பன்-14 தடுமாறாது. 1955-இலேயே கிளேட்டன், ஆர்னால்டு, பாட்டி ஆகிய மூவரும் காற்றுத் துகள்களின் கார்பன் மூலத்தை அறிய இம்முறையைக் கையாண்டு ‘சயன்ஸ்’ இதழில் எழுதிவிட்டனர்.

அப்படியானால் ரான் ஏன் மாங்கனீசை நாடவேண்டியிருந்தது? விடை எடையில் இருக்கிறது. பழைய முறையில் கார்பன்-14 சிதைவுகளை ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். அதற்குக் கிராம் கணக்கில் கார்பன் வேண்டும். ஆர்க்டிக் கோடையில் ஒரு கனமீட்டர் காற்றில் புகைக்கரி 8 நானோகிராம் அளவுக்குக்கூட இறங்கும். ஒரு கிராம் சேர்க்க 12.5 கோடி கனமீட்டர் காற்றை வடிகட்டவேண்டும். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் இழுக்கும் பம்பு ஒன்று ஓயாமல் ஓடினால் சுமார் 237 ஆண்டு ஆகும். எந்த ஆய்வு நிதியும் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை.

1977-இல் முடுக்கி நிறைநிறமாலைமானி இந்தத் தடையை உடைத்தது. அணு சிதையும் வரை காத்திராமல் அணுக்களையே நேரடியாக எண்ணும் முறை அது. கிராம் மில்லிகிராமாகி, பின்னர் மைக்ரோகிராம்களாயிற்று. 50 மைக்ரோகிராம் போதுமென்றால் அதே பம்பு அதே தூய காற்றில் நான்கு நாள்களுக்குச் சற்று மேல் ஓடினால் போதும். புகைக்கரியை மற்ற கார்பன் சேர்மங்களிலிருந்து பிரிப்பதில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் வாரங்கள் ஆகலாம். ஆனாலும் செய்யக்கூடிய வேலை.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். 2005-இல் நாசா கோடார்டு நிறுவனத்தின் டோரத்தி கோச்சும் ஜேம்ஸ் ஹான்சனும் கணினி மாதிரியின் துணைகொண்டு, ஆர்க்டிக் புகைக்கரியின் முதன்மை மூலங்களாகத் தெற்காசியாவையும் உயிர்ப்பொருள் எரிப்பையும் குறிப்பிட்டனர். வசந்தகாலத் தாழ்மட்ட மூட்டத்திலேயே ரஷ்யா, ஐரோப்பா, தெற்காசியா ஒவ்வொன்றும் 20 முதல் 25 விழுக்காடு அளிப்பதாக அவர்கள் கணித்தனர். அடுத்த ஆண்டே நார்வேயிலிருந்து ஆந்திரியாஸ் ஸ்டோல் இதை மறுத்தார். குளிர்காலத்தில் ஆர்க்டிக்கின் தரையோரக் காற்று கனமான குளிர்க்குவிமாடம் போலக் கிடக்கிறது. வடக்கு யுரேசியாவின் தொழிற்பகுதிகள் பல அக்குவிமாடத்தின் உள்ளேயே இருப்பதால் அவற்றின் புகை தடையின்றி உள்ளே பரவும். தெற்காசியாவின் வெப்பக் காற்றோ வடக்கே செல்லச்செல்ல மேலெழுந்து, குவிமாடத்தின்மேல் ஏறிச் சென்றுவிடும். எனவே தரையில் நம் புகையின் பங்கு மிகச் சிறிது என்பது அவர் வாதம்.

இரு தரப்பும் மாதிரிகள். இரண்டின் உள்ளும் உமிழ்வுக் கணக்கேடுகள். அக்கணக்கேடுகளோ நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை தம்முள் முரண்பட்டுக் கிடந்தன. இந்தப் பூசலுக்கும் ஒரு முன்கதை உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் இராமநாதனும் பால் குருட்சனும் முன்னின்று நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999-இல் கடலின்மேல் பரந்த பழுப்பு மூட்டத்தைப் பதிவுசெய்தது. 2002-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அதனை ‘ஆசியப் பழுப்பு மேகம்’ என்று அழைத்தபோது இங்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெங்களூரிலிருந்து சீனிவாசனும் சுலோசனா காட்கிலும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் அறிக்கையின் முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கினர். பின்னர் பெயரிலிருந்து ‘ஆசிய’ நீங்கி ‘வளிமண்டல’ வந்தது. பெயர் மாறியதால் மூலம் தெரிந்துவிடவில்லை. துகள்களின் வேதிச் சேர்க்கையைக் கொண்டு நோவகோவ் குழு புதைபடிவ எரிபொருளைச் சுட்டியது, மும்பை ஐ.ஐ.டி.யின் சந்திரா வெங்கட்ராமன் குழு 2005-இல் வீட்டு அடுப்பின் விறகையும் சாணத்தையும் முதன்மைப்படுத்தியது. முந்தையது உண்மையானால் பொறுப்பு டீசலுக்கும் ஆலைக்கும். பிந்தையது உண்மையானால் ஏழை வீட்டுச் சமையலறைக்கு. வெறும் கல்விப் பூசல் என்று இதை ஒதுக்க இயலாது.

கார்பன்-14 இங்கே நுழைந்தது. 2006 குளிர்காலத்தில் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஒர்யான் குஸ்தாஃப்ஸன் குழு, புனேக்கு அருகிலுள்ள சிம்மகட்டிலும் மாலத்தீவின் ஹனிமாதூவிலும் மாதிரி எடுத்தது. முடிவு 2009-இல் வெளியாயிற்று. மொத்தக் கரிமத் துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு உயிர்ப்பொருள் எரிப்பிலிருந்து வந்தது. புகைக்கரிக்கு மட்டும் இரண்டு விடைகள் கிடைத்தன: ஒரு பிரிப்பு முறையில் 46 விழுக்காடு, மற்றொன்றில் 68. மாணவர்கள் இந்த இடத்தில் நிற்கவேண்டும். ஐசோடோப்பு அளவீடு பிழையவில்லை; வெப்பத்தை மிகவும் தாங்கும் கரியை மட்டும் ‘புகைக்கரி’ என்பதா, சற்று விரிந்த வகையைச் சேர்ப்பதா என்னும் வரையறையே எண்ணை மாற்றியது. கட்டுரையோ இரு மூலங்களையும் குறைக்கவேண்டும் என்றது; அடுப்பா டீசலா என்று ஒரே குற்றவாளியைத் தேடியவர்கள் இரு பக்கத்திலும் ஏமாந்தனர்.

அதே குழுவும் பிறரும் இம்முறையை வடக்கே கொண்டுசென்றனர். அங்கே 2013-இல் ஸ்டோல் குழு மற்றொரு சந்தேகத்துக்குரியவரை முன்வைத்திருந்தது: எண்ணெய் வயல்களில் வீணே எரிக்கப்படும் வாயுச்சுடர். உலகப் புகைக்கரியில் அதன் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே. ஆனால் அது எரிவது ஆர்க்டிக்கின் வாசலில். அவர்கள் மாதிரிப்படி ஆர்க்டிக் தரைமட்டப் புகைக்கரியின் ஆண்டுச் சராசரியில் 42 விழுக்காடு அதிலிருந்து வந்தது. எண் பெரிது, கேட்டவுடன் நம்பத் தோன்றுவதும்கூட. இரவில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் மேற்குச் சைபீரியச் சுடர்கள் பளிச்சென்று தெரிகின்றன அல்லவா?

சோதிக்க வேண்டிய இடம் சைபீரியா. அதுவரை ஐசோடோப்பு மாதிரிகள் பெரும்பாலும் ஆர்க்டிக்கின் அட்லாண்டிக் பக்கத்திலேயே எடுக்கப்பட்டன; ஏறத்தாழப் பாதி வட்டத்தை அடைத்துநிற்கும் ரஷ்ய ஆர்க்டிக் வெறுமையாக இருந்தது. லாப்டேவ் கடலோரத்தில், லேனா ஆற்றின் கழிமுகத்தருகே உள்ள திக்ஸி என்னும் சிற்றூரில் இரண்டாண்டு மாதிரிகள் எடுக்கப்பட்டன. பாத்ரிக் வினிகெரும் உடன்பணியாளரும் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி அங்குப் புகைக்கரி கனமீட்டருக்கு 8 முதல் 302 நானோகிராம் வரை மாறியது. உயிர்ப்பொருளின் பங்கு 19 முதல் 73 விழுக்காடு வரை ஊசலாடியது.

இதற்கு மேல் பிரிக்கக் கார்பன்-14 மட்டும் போதாது. நிலக்கரி, டீசல், வாயு மூன்றுமே அதற்கு ஒன்றுதான், மூன்றிலும் சுழியம். இங்கே உதவியது நிலையான தம்பி, கார்பன்-13. இயற்கை வாயுவின் கார்பனில் அது மிகக் குறைவு. எண்ணெயில் சற்றுக் கூடுதல். நிலக்கரியில் இன்னும் சற்றுக் கூடுதல். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிவதால் விடை நிகழ்தகவாகவே கிடைக்கும். அவ்வாறு கிடைத்த விடை: வாயுச்சுடர் 6 விழுக்காடு, மின்நிலையங்கள் 9, திறந்தவெளித் தீ 12, வீட்டு எரிப்பு 35, போக்குவரத்து 38. திக்ஸி ஓரிடந்தான், முழு ஆர்க்டிக்குக்கான 42-ஐ அங்குக் கிடைத்த 6 பொய்யாக்கிவிட்டதாகக் கொள்ளக்கூடாது. ஆயினும் கணக்கேட்டில் மூலங்கள் தவறான இடங்களில் வைக்கப்பட்டிருந்தன என்பதை அது காட்டிவிட்டது.

2019-இல் ஆர்க்டிக்கைச் சுற்றியுள்ள நிலையங்களின் ஆண்டு முழுமைக்குமான அளவீடுகளை ஒருங்கிணைத்தபோது எல்லா இடத்திலும் ஒரே தாளம் தெரிந்தது. குளிர்காலத்தில் புதைபடிவம், கோடையில் உயிர்ப்பொருள். ஆண்டுச் சராசரியில் உயிர்ப்பொருள் 39 விழுக்காடு, பிழை எல்லை 10. அக்கட்டுரையில் நான் மீண்டும் மீண்டும் படிப்பது வேறொரு முடிவு. மாதிரிகள் புகைக்கரியின் அளவை நன்றாகக் கணித்தன. மூலத்தை அவ்வளவு நன்றாகக் கணிக்கவில்லை. தொகை சரி, வரவுக் கணக்கு தவறு. கார்பன்-14 இல்லாதிருந்தால் தொகை பொருந்தியதைக் கண்டு அனைவரும் மனநிறைவு கொண்டிருப்பார்கள். என் சொந்த ஆய்விலும் மாதிரி அளவோடு பொருந்திய நாளில் நான் அப்படித்தான் மனநிறைவு கொண்டேன். என் நெறியாளர் கேட்ட ஒரே கேள்வியில் அது போயிற்று.

இந்த வரலாற்றில் கேள்வியே மெல்ல மாறியிருப்பதைக் கவனிக்கலாம். ரான் கேட்டது ‘எந்த நாடு’ என்று. கார்பன் ஐசோடோப்பு அதற்கு விடையளிக்காது. ஜார்க்கண்டு நிலக்கரிக்கும் போலந்து நிலக்கரிக்கும் இடையே கார்பன்-14 வேறுபாடு அறியாது. ‘எது எரிந்தது’ என்பதையே அது சொல்லும். இதைக் குறை என்போர் உளர். எனக்கு இது நிறையாகவே படுகிறது. நாட்டின் பெயரைச் சொன்னவுடன் விவாதம் வெளியுறவுத் துறைக்குப் போய்விடுகிறது, 2002-இல் பார்த்தோம். மேலும் நாட்டின் பெயர் காலத்துக்குக் காலம் மாறும். மெக்கானலும் உடன்பணியாளரும் ஆராய்ந்த கிரீன்லாந்துப் பனித்தூணில் புகைக்கரி உச்சம் தொட்டது 1906 முதல் 1910 வரை. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. அப்போது சோவியத் ஒன்றியமே பிறக்கவில்லை.

மாணவருக்கு நான் அளித்த விடை இது: தரைமட்டத்தில் ஸ்டோலின் வாதத்துக்கே வலு அதிகம், குளிர்க்குவிமாடத்தின் இயற்பியல் உறுதியானது. ஆனால் தெற்காசியப் புகை செல்வதாக இருவருமே ஒப்புக்கொள்ளும் இடம் உயரத்தில், குவிமாடத்துக்கு மேலே. இதுவரை நான் கூறிய கார்பன்-14 அளவீடுகளுக்கான வடிதாள்கள் அனைத்தும் தரையில் வைக்கப்பட்டவை. வாரக்கணக்கில் பம்பு ஓடவேண்டிய அளவீட்டைச் சில மணி நேரமே பறக்கும் விமானத்தில் செய்வது எளிதன்று. “அப்படியானால் இன்னும் எத்தனை மைக்ரோகிராம் குறையவேண்டும்?” என்று கேட்டார். இருவரும் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். ஐந்துக்குக் கீழே வந்தால் முயன்று பார்க்கலாம் என்று வந்தது. அந்தக் கணக்கைத் தம் ஆய்வு முன்மொழிவில் சேர்க்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.